டப்பாவில் இருப்பதும் தட்டில் இருப்பதும்: ஒரு செரித்தல் பாடத்தின் கதை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். முதல் பாடவேளை முடிவதற்குள் எங்கள் கபடி அணியின் முக்கிய ஆட்டக்காரன் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். பதினோராம் வகுப்பு மாணவன். பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து வருபவன். நான் விலங்கியல் ஆசிரியை. அன்று நடத்திக்கொண்டிருந்தது ‘செரித்தல் மற்றும் உட்கிரகித்தல்’ பாடம். எழுப்பித் திட்டாமல், இடைவேளையில் தனியே அழைத்துக் கேட்டேன்.

“நைட்டு வேலைக்குப் போறேன் மிஸ். தி.நகர்ல ஒரு கடைல மூட்டை எடுத்து வைக்கிற வேலை. தீபாவளி வரைக்கும்தான்.”

“வீட்டுக்குப் பணம் தேவையாடா?”

“இல்ல மிஸ். புரோட்டீன் பவுடர் வாங்கணும். டப்பா மூவாயிரம் ரூபா. வேகமா ஜீரணமாவுற புரோட்டீன் பயிற்சி முடிஞ்சதும் குடிக்கணும், மெதுவா ஜீரணமாவுறது தூங்கப் போறதுக்கு முன்னாடி குடிக்கணும்னு ஜிம்முல அண்ணன் சொன்னாரு. இல்லனா பயிற்சி பண்ணதெல்லாம் வேஸ்ட்டாம்.”

மாலை ஐந்து மணி முதல் இரவு பத்தரை வரை வேலை. நடு இரவில் படுக்கை. காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி. உடல் தன்னைக் கட்டிக்கொள்ளும் தூக்கத்தை விற்று, உடலைக் கட்டும் பொடியை வாங்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அந்த ‘அண்ணன்’ சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று அவனுக்குச் சொல்ல வேண்டியது என் பாடத்தின் வேலை என்று தோன்றியது. அடுத்த நான்கு பாடவேளைகள் அப்படித்தான் உருவாயின. மற்ற பள்ளிகளின் அறிவியல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் பகிர்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும், “இன்று காலை யார் யார் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டேன். உற்சாகமான தொடக்கம் என்று நினைத்தேன். சிலர் கை தூக்கினார்கள். மூன்று மாணவியர் தலை குனிந்துகொண்டார்கள். ஒருத்தி “இட்லி” என்றாள். அவள் தோழியின் முகம் அது பொய் என்றது. உணவைப் பற்றிக் கேட்பது வீட்டு வறுமையைப் பற்றிக் கேட்பதாகவும் ஆகிவிடும். அந்தக் கேள்வியை அத்தோடு நிறுத்திவிட்டேன். பிறகு, பெயர் எழுதாத தாளில் நேற்று எழுந்தது முதல் தூங்கியது வரை எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதச் சொல்லி, மடித்துப் பெட்டியில் போடச் செய்தேன். இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் முதல் நாளே தாள் முறையைப் பின்பற்றுங்கள்.

செயல்பாடு 1: பாலைப் பிரித்தல்

தேவையானவை: ஆவின் நீல நிறப் பாக்கெட் பால் 200 மில்லி, எலுமிச்சம் பழம் ஒன்று, கண்ணாடிக் குவளைகள் இரண்டு, பழைய வேட்டித் துணி, ஆய்வகத்தின் சாராய விளக்கு.

பாலைக் காய்ச்சாமல், கை பொறுக்கும் சூட்டுக்கு மட்டும் வெதுவெதுப்பாக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினால் பால் திரியும். துணியில் வடிகட்டினால் மேலே வெள்ளைக் கட்டி நிற்கும், கீழே இளம் பச்சை கலந்த மஞ்சள் நீர் இறங்கும். கட்டியாக நின்றது பெரும்பாலும் கேசீன். இறங்கிய நீர்தான் ‘வே’. பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன், 20 விழுக்காடு வே புரதம்.

“தண்ணியில என்ன மிஸ் புரோட்டீன்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த நீரைக் கொதிக்க வைத்தோம். தெளிவாக இருந்த நீரில் மெல்லிய வெள்ளைத் துகள்கள் திரண்டன. வெப்பத்தால் இயல்பு மாறித் திரண்ட வே புரதம் அது. அமிலத்தில் கரைந்தே இருந்தது, சூட்டில் திரண்டது. முதலிலேயே பாலை நன்றாகக் காய்ச்சிவிட்டால் வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். இந்தத் துகள்கள் அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் காய்ச்சாத பாக்கெட் பால். செய்து பார்த்த பாலை யாரும் குடிக்க வேண்டாம்.

இப்போது பாடத்துக்கு வந்தேன். நம் இரைப்பையும் அமிலப் பை. குவளையில் நடந்ததே அங்கும் நடக்கிறது. கேசீன் கட்டியாகத் திரள்கிறது; பெப்சின் அதன் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட, அது சிறுகுடலுக்கு மெல்ல மெல்ல இறங்குகிறது. வே திரளாமல் நீராகவே சீக்கிரம் இறங்கிவிடுகிறது. அங்கே டிரிப்சின் முதலிய நொதிகள் அதை வெட்ட, அமினோ அமிலங்கள் இரத்தத்தில் சட்டென்று ஏறுகின்றன. ‘வேகமான புரதம், மெதுவான புரதம்’ என்ற பேச்சின் அடிப்படை இவ்வளவுதான்.

மூவாயிரம் ரூபாய் டப்பாவில் இருப்பது இந்த மஞ்சள் நீரை உலர்த்திய பொடி என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. பாலாடைக்கட்டி செய்யும் தொழிற்சாலைகளில் மிஞ்சும் நீர்தான் அதன் மூலப்பொருள். நம் கபடி வீரன் சிரிக்கவில்லை. குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வுகள் சொல்வது

1997இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். வே குடித்தவர்களின் இரத்தத்தில் அமினோ அமில அளவு வேகமாக உயர்ந்து சில மணி நேரத்தில் இறங்கியது. கேசீன் குடித்தவர்களுக்கு அது குறைவாக உயர்ந்தாலும் ஏழு மணி நேரம் வரை நீடித்தது. வே புதிய புரத உருவாக்கத்தை அதிகம் தூண்டியது; கேசீன் உடல் புரதம் சிதைவதைக் குறைத்தது. ‘பயிற்சிக்குப் பின் வே, தூங்கும் முன் கேசீன்’ என்ற அறிவுரை இதிலிருந்து வளர்ந்தது.

2012இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், மாலையில் எடைப் பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குத் தூங்கும் முன் 40 கிராம் கேசீன் தந்தார்கள். தராதவர்களைவிட அவர்களின் தசைப் புரத உருவாக்கம் இரவில் சுமார் 22 விழுக்காடு அதிகமாக இருந்தது. தூங்கும்போதும் குடல் செரிக்கிறது, தசை வளர்கிறது என்பது இதில் உறுதியானது.

இதுவரை கேட்டதும் “அப்ப அண்ணன் சொன்னது கரெக்ட்தானே மிஸ்?” என்றான் அவன். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வில் கேசீனை ஒப்பிட்டது புரதமே இல்லாத பானத்தோடு. வே புரதத்தோடு ஒப்பிட்டால்? 2023இல் அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதையும் செய்தார்கள். உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்குத் தூங்கும் முன் ஒரு பிரிவுக்கு 45 கிராம் கேசீன், இன்னொரு பிரிவுக்கு 45 கிராம் வே தந்தார்கள். இரண்டு பிரிவிலும் இரவு நேரப் புரத உருவாக்கம் உயர்ந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தாக வேண்டும் என்பதும் அப்படித்தான். 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நேரத்தைவிட நாள் முழுவதும் சாப்பிடும் மொத்தப் புரதமே முக்கியம் என்று கண்டார்கள்.

கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: முதலில் போதுமான உணவு. அடுத்து போதுமான மொத்தப் புரதம். அடுத்து அதை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்தல். கடைசியில்தான் வேகமா மெதுவா என்பது. நம் பிள்ளைகள் கடைசிப் படியிலிருந்து ஏறப் பார்க்கிறார்கள்.

போதுமான உணவு ஏன் முதலில்? சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் பல ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்திய செய்தி இது. இந்தியக் குழந்தைகளின் முதன்மையான குறை புரதமின்மை அன்று, போதிய உணவே இல்லாமை. சோறு போதாவிட்டால் உடல் புரதத்தை எடுத்து அடுப்பில் விறகாக எரித்துவிடும். காலிப் வயிற்றோடு ஓடும் பிள்ளைக்குப் புரதப் பொடி கொடுப்பது தேக்கு மரத்தை விறகாக்குவதுதான். கோபாலன் இயக்குநராக இருந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. 1918இல் அது தொடங்கியது நம் குன்னூரில் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

செயல்பாடு 2: ஒரு நாளின் உணவுக் கோடு

பெட்டியில் விழுந்த தாள்களை வீட்டில் பிரித்துப் படித்தேன். கையெழுத்து தெரியாதா என்ன! அவனுடைய தாள் இப்படி இருந்தது:

காலை 5.30: பயிற்சி, ஒன்றும் சாப்பிடவில்லை.
காலை 8.00: டீ, பன்.
மதியம்: சமோசா ஒன்று.
இரவு 11.15: சோறு, மீன் குழம்பு.

கூட்டிப் பார்த்தால் நாள் முழுவதற்கும் 45 கிராம் புரதம்கூடத் தேறாது. அதிலும் முக்கால் பங்கு இரவு பதினொன்றேகாலுக்கு ஒரே வேளையில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயது ஆண்களுக்கு நாளுக்கு 55 கிராம், பெண்களுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். தொடர்ந்து கடும் பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.4 முதல் 2 கிராம் வரை என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் கணக்கு.

“போன வருஷம் இவ்ளோ டயர்டு ஆவல மிஸ்” என்றான். யோசித்தபோது காரணம் பிடிபட்டது. பத்தாம் வகுப்பு வரை மதியம் சத்துணவு சாப்பிட்டிருக்கிறான். நாள்தோறும் ஒரு முட்டை, கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ வரும் நாள்கள், சூடான சோறு. திட்டம் பத்தாம் வகுப்பு வரைக்குமானது. பதினொன்றில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மதிய வேளை அவன் வாழ்க்கையில் இல்லை. அதே ஆண்டில் பயிற்சி கூடியது. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சோர்ந்து உட்காரும் பிள்ளையிடம் “மதியம் என்ன ஏற்பாடு?” என்று தனியே கேளுங்கள்.

அம்மாவின் கூடை

சனிக்கிழமை அவன் அம்மாவைப் பார்த்தேன். மெரினா லூப் சாலைப் பக்கம் மீன் விற்பவர். விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குக் கிளம்பிவிடுவதால் காலையில் சமைக்க முடிவதில்லை.

“வூட்ல மீன் இல்லாத நாளு ஏது டீச்சர்? இவன் இன்னான்னா மீன்ல இல்ல, டப்பாலதான் புரோட்டீன் கீதுன்னு சொல்றான். எனக்கு இன்னா தெரியும்?”

அவர் கூடையில் நெத்திலியும் மத்தியும் இருந்தன. நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம். டப்பாவின் ஒரு கரண்டிக்கு இணையானது அந்தக் கூடையிலேயே கிடந்தது. மகனைக் குறை சொல்லவில்லை நான். விளம்பரத்தில் மத்தி மீன் வருவதில்லை.

விலைக் கணக்கு

திங்களன்று வகுப்பில் கணக்குப் போட்டோம். டப்பாவில் சுமார் 30 கரண்டி. கரண்டிக்கு நூறு ரூபாய். கிடைப்பது 24 கிராம் புரதம். அதற்கு ஈடாக:

முட்டை இரண்டு: 12 கிராம்
பால் 200 மில்லி: 6 கிராம்
வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம்: 6 கிராம்

கூட்டினால் அதே 24 கிராம். அன்றைய விலையில் முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. கூடவே கால்சியமும் வைட்டமின்களும் எரிசக்தியும் கிடைக்கின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடல் கட்டுவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்கிறது.

முட்டை பற்றி இன்னொன்று. பச்சை முட்டையை உடைத்துக் குடித்தால் பலம் என்ற நம்பிக்கை பையன்களிடம் உறுதியாக இருக்கிறது. 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் சுமார் 50 விழுக்காடுதான். பாதிப் பணம் வீண் என்பதோடு கிருமித் தொற்றும் வரலாம். அவித்தே சாப்பிடச் சொல்லுங்கள்.

நம் ஊர்த் தட்டில் பயிற்சியும் தூக்கமும்

மாணவர்களே குழுவாக உட்கார்ந்து, 54 கிலோ எடையுள்ள ஒரு விளையாட்டு வீரருக்கு வகுத்த நாள் இது:

பயிற்சிக்கு முன்: ஒரு வாழைப்பழம். சுண்டல், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையில் தங்கி, ஓடும்போது வயிற்றைப் புரட்டும்.

பயிற்சிக்குப் பின், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள்: இட்லி நான்கு, சாம்பார், அவித்த முட்டை இரண்டு. சுமார் 23 கிராம் புரதம்.

மதியம்: சோறு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர். சுமார் 16 கிராம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பிலும் பயறிலும் அது அதிகம். பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் நிறைவு.

மாலை: வேர்க்கடலை ஒரு கைப்பிடி. 6 கிராம்.

இரவு எட்டரைக்குள்: சோறு, மீன் குழம்பு. 25 கிராம்.

படுக்கும் முன்: ஒரு குவளைப் பால். 6 கிராம். அதில் பெரும்பகுதி மெதுவாக இறங்கும் கேசீன்.

மொத்தம் 76 கிராம். எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.4 கிராம் என்ற கணக்குக்குச் சரியாக வருகிறது. “மயிலாப்பூர்ல எங்க வீட்ல முட்டை, மீன் கிடையாது மிஸ்” என்றாள் ஒரு மாணவி. அவள் குழு முட்டைக்குப் பதில் பொட்டுக்கடலை மாவும் பாலும், மீனுக்குப் பதில் சோயாவும் பனீரும் வைத்துத் தனிப் பட்டியல் போட்டது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பட்டியலின் கடைசி வரியாக “தூக்கம் எட்டு மணி நேரம்” என்று நான் எழுதினேன். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூங்கும் முன் எந்தப் புரதம் என்று கேட்பவர், தூங்குகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு

தீபாவளியோடு அவன் வேலையை நிறுத்தினான். சேர்த்த பணத்தில் விளையாட்டுக் காலணி வாங்கி, மீதியை அம்மாவிடம் கொடுத்தான். முந்தைய இரவே வடித்த சோறும் தயிரும் காலையில் இருக்கும். முட்டையை அவனே அவித்துக்கொள்கிறான். பி.டி. சார் யோசனைப்படி அணியில் நாளுக்கு இருவர் முறைவைத்து வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எவ்வளவு உப்பு என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மா.

அணி மண்டலப் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றது. அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் அவன் ஓரமாக உட்காருவதில்லை என்று பி.டி. சார் சொன்னார். முதல் பாடவேளையில் தூங்குவதில்லை என்பதை நானே பார்க்கிறேன்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஓர் எச்சரிக்கை. நாம் ஆசிரியர்கள், மருத்துவர்கள் அல்லர். மயங்கி விழும் பிள்ளை, எடை குறைந்துகொண்டே போகும் பிள்ளை, சிறுநீரகக் கோளாறோ உணவு ஒவ்வாமையோ உள்ள பிள்ளை ஆகியோரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். உணவு அளவுகளை நாம் சொல்லக் கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வெதுவெதுப்பான பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு வடிகட்டினால் துணியில் நிற்பது எது, கீழே இறங்குவது எது? ஏன்?
2. கேசீன் மெதுவாகச் செரிப்பதற்கு இரைப்பையில் நடப்பது என்ன?
3. காலையும் மதியமும் சாப்பிடாமல் இரவில் மட்டும் 50 கிராம் புரதம் சாப்பிடும் வீரருக்கு நீ என்ன சொல்வாய்? இரண்டு காரணங்கள் தருக.
4. உன் வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே 20 கிராம் புரதம் தரும் ஒரு வேளை உணவை வகுத்து, அதன் விலையைக் கணக்கிடுக.

நான்காம் வினாவுக்கு அவன் எழுதிய விடை இன்னும் என்னிடம் இருக்கிறது: “நெத்திலி 100 கிராம். விலை: அம்மா காசு வாங்க மாட்டார்கள்.” முழு மதிப்பெண் போட்டேன்.